எட்டாவது மாடியும் ஏறத் தெரிந்த பிள்ளையும்

பந்தாய் டாலாமிலோ கிள்ளானிலோ ஓர் அடுக்குமாடியைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காயும் துணியே சொல்லிவிடும். பள்ளிச் சீருடை, தொழிற்சாலைச் சட்டை, கைலி, நைட்டி. நடுவில் எங்காவது ஒரு வீட்டில் பொம்மைக்குத் தைத்தது போன்ற சின்னச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். அந்த வீட்டுச் சன்னலில் கம்பி இருக்கிறதா என்று உடனே கண் தேடினால், பார்ப்பவர் தாதியாகவோ தீயணைப்பு வீரராகவோ இருக்க வேண்டும். மற்றவர்கள் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

குழந்தை மாடியிலிருந்து விழுந்த செய்தி கிள்ளான் பள்ளத்தாக்கு நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. ஊர் மாறும், மாடி எண் மாறும், செய்தியின் அச்சு மட்டும் மாறாது. பிள்ளைக்கு மூன்று நான்கு வயது. அம்மா குப்பை போடக் கீழே இறங்கியிருப்பார். அல்லது மூத்ததைப் பள்ளி வேனில் ஏற்றப் போயிருப்பார். அல்லது இரவு வேலை முடித்து வந்து அசந்து தூங்கியிருப்பார். கண் விழித்த பிள்ளை அம்மாவைத் தேடிச் சன்னலோரக் கட்டிலில் ஏறியிருக்கும். செய்தியின் கடைசிப் பத்தியில், 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவில் போலீஸ் விசாரிப்பதாக ஒரு வரி வரும். குற்றம் உறுதியானால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பிள்ளையை வேண்டுமென்றே அலட்சியமாக விட்டவர்களுக்கு அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வாசகர் மனம் "தாய் எங்கே போனாள்?" என்ற கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. சன்னல் எவ்வளவு அகலம் திறந்திருந்தது, கட்டில் ஏன் அங்கே கிடந்தது, கிரில் ஏன் இல்லை, கிரில் போட வேண்டாம் என்று யாராவது தடுத்தார்களா என்பதை எந்த நிருபரும் கேட்டு எழுதுவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றப் பயன்படும் தகவல் அதுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது மீட்டர் உயரம் என்பது ஏறக்குறைய மூன்று மாடி. அங்கிருந்து விழும் எதுவும் தரையைத் தொட ஒன்றரை வினாடிகூட ஆகாது. தொடும் நேரத்தில் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர்; ஊருக்குள் ஓடும் காரின் வேகம். வேகம் இப்படியிருக்க, "கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்" என்ற அறிவுரைக்கு என்ன பலன்? அடுப்பில் சோறு கொதிக்கும், கைபேசி அடிக்கும், இன்னொரு பிள்ளை கழிப்பறையிலிருந்து கூப்பிடும். 24 மணி நேரமும் கண்ணை எடுக்காத தாய் எந்த ஊரிலும் இல்லை. கட்டுப்படுத்த முடிந்தது சன்னலைத்தான்.

குழந்தையின் உடலமைப்பும் விழுவதற்கு ஏற்றபடியே இருக்கிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்குதான். அதனால் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு இடுப்புக்கு மேலே கனம் அதிகம். நெஞ்சு சன்னல் விளிம்பைத் தாண்டிவிட்டால் கால் தானாகத் தரையை விட்டுக் கிளம்பும், தலை முதலில் போகும். வளர்ச்சியின் வேகம் இன்னொரு சிக்கல். நான்கு மாதத்தில் புரளும், எட்டு ஒன்பதில் தவழும், ஒரு வயதையொட்டி நடக்கும், ஒன்றரை வயதில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும். ஒவ்வொன்றையும் முதல் தடவை எப்போது செய்யும் என்று முன்னறிவிப்பு கிடையாது. "நேத்து வரைக்கும் ஏறத் தெரியாதுங்க" என்று மருத்துவமனையில் அழும் பெற்றோர் சொல்வது அத்தனையும் உண்மை.

மலேசியத் தமிழருக்கு மாடி வீடு புதிது. இரண்டு தலைமுறைக்கு முன்னால் பெரும்பாலோர் தோட்டத்து லயத்து வீடுகளில் தரையோடு தரையாக இருந்தவர்கள். மிஞ்சிப் போனால் நாலைந்து படி. விடியுமுன் பெற்றோர் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போவார்கள், பிறகு பால்மரம் வெட்டப் போவார்கள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருப்பார்கள். உத்தரத்தில் வரிசையாக ஏணை தொங்கும், நடுவில் ஆயா உட்கார்ந்திருப்பார். தோட்ட முதலாளி பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. அந்தக் கொட்டகையைச் சொர்க்கமாக்கிப் பேசுவதும் தவறு. ஒரே ஆயா எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தார். சீக்கும் பூச்சிக்கடியும் சாக்கடையும் அங்கேயும் உண்டு. ஆனால் எட்டாவது மாடி இல்லை. தடுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்க லயத்தில் யாராவது ஒருவர் இருந்தார்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. குடும்பங்கள் நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. உயரம் கூடியது, ஆயா போய்விட்டார். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வீடு சுமார் 700 சதுர அடி. மூன்று படுக்கையறை. கோலாலம்பூரில் 124 ரிங்கிட் வாடகை என்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். அந்த வீட்டுச் சிறிய அறையில் இரட்டைக் கட்டிலையும் துணி அலமாரியையும் போட்டால் மிச்சமிருக்கும் ஒரே சுவர், சன்னல் இருக்கும் சுவர். கட்டில் அங்கேதான் போகும். காற்றும் வரும், அதனால் எல்லாருக்கும் சம்மதம். கட்டில் மெத்தையில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சன்னல் விளிம்பு இடுப்பளவு.

பின்பக்கத் துணி காயவைக்கும் இடம் இதைவிட மோசம். அரைச்சுவர். அதன் மேல் திறந்தவெளி, அல்லது பெயருக்கு நாலு கம்பி. தண்ணீர்க் குழாய் அங்கே இருப்பதால் சலவை இயந்திரமும் அங்கேதான். அதற்குப் பக்கத்தில் அழுக்குத் துணிக் கூடை, கவிழ்த்த வாளி, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், பழைய பெயின்ட் டப்பா. பெரியவர் கண்ணுக்கு இது சாமான் வைக்கும் மூலை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் படிக்கட்டு: வாளி முதல் படி, நாற்காலி இரண்டாவது, சலவை இயந்திரத்தின் மூடி மூன்றாவது. அதற்கு மேலே ஆகாயம். முன்பக்க நடைபாதையில் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் செருப்பு அலமாரியும் பூந்தொட்டியும் இதே வேலையைச் செய்கின்றன.

மலிவு விலை அடுக்குமாடிப் பிள்ளைகளைப் பற்றி யுனிசெஃப் 2018-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் 17 அடுக்குமாடிகள், 966 குடும்பங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள் என்ற செய்தி அப்போது நாட்டை உலுக்கியது. பேச்செல்லாம் சாப்பாட்டைச் சுற்றியே இருந்தது, நியாயம்தான். ஆனால் அதே பிள்ளைகள் ஓடியாட இடமில்லாத வீட்டில், சன்னலோரம் வளர்கிறார்கள் என்பதும் அந்த வறுமையின் ஒரு பகுதிதான்.

வசதியானவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். பாடகர் எரிக் கிளாப்டனின் நான்கு வயது மகன் 1991 மார்ச்சில் நியூயார்க்கில் 53ஆவது மாடியிலிருந்து விழுந்து இறந்தான். சுத்தம் செய்வதற்காகத் திறந்த பெரிய சன்னல் ஒன்று மூடப்படாமல் இருந்தது. சன்னல் பாதுகாப்பை வலியுறுத்தும் பொது அறிவிப்புகளில் கிளாப்டன் பின்னர் தோன்றிப் பேசினார்.

மாடியிலிருந்து விழுவது செய்தியாகிறது. கட்டிலிலிருந்து விழுவது செய்தியாவதில்லை, ஆனால் நடப்பதில் பெரும்பங்கு அதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சிறார் காயத் தடுப்பு அறிக்கைப்படி, 2004-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 47,000 பிள்ளைகளும் இளையோரும் விழுந்து இறந்தார்கள். ஆசிய நாடுகள் சிலவற்றில் வீடு வீடாக எடுத்த கணக்கும் அதில் உண்டு. விழுந்து ஒரு பிள்ளை இறந்தால் நான்கு பிள்ளைகள் நிரந்தர ஊனத்தோடு பிழைக்கிறார்கள்; 13 பேர் பத்து நாளுக்கு மேல் மருத்துவமனையில் கிடக்கிறார்கள்; 690 பேர் மருந்துக்கோ ஓய்வுக்கோ போகும் அளவுக்கு அடிபடுகிறார்கள்.

கிள்ளானின் தரை வீடுகளிலும் பிள்ளைகள் இப்படி விழுவது உண்டு. தாமான் வீடுகளில் வெள்ளிக்கிழமை காலை முன்வாசல் கழுவி விடுவது பழக்கம். வழவழப்பான டைல்ஸ் காய்வதற்குள் பிள்ளை ஓடிவரும். மூடி உடைந்த லோங்காங், அதாவது சாக்கடை, வாசலிலேயே இருக்கும். இரண்டு மாடி வீடென்றால் மாடிப்படி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளில் கைக்குழந்தை வழுக்கிப் போவது பாட்டிமார்களுக்குத் தெரியும், அதனால்தான் அவர்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து காலின் மேல் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். மருமகள் அதையே உயர மேசையின் மேல் செய்கிறாள். தரையில் பாய் விரித்துப் படுத்த காலத்தில் புரண்டு விழுந்த குழந்தை எவ்வளவு தூரம் விழுந்திருக்கும்?

தொட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுருள்கம்பியில் கைலியைக் கட்டித் தொங்கவிடும் தொட்டில் இந்த நாட்டில் மலாய்க்காரர், தமிழர் என்ற பேதமில்லாமல் எல்லார் வீட்டிலும் உண்டு. தூங்க வைப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் குழந்தை புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கியதும் அதன் காலம் முடிந்தது. துணி ஒரு பக்கம் சாயும், குழந்தை தலைகுப்புற வரும். கொக்கியும் சுருள்கம்பியும் துருப்பிடிப்பவை. மூத்த பிள்ளைக்கு வாங்கியதை மூன்றாவது பிள்ளைக்கும் மாட்டும் வீடுகளில் யாரும் அவற்றைக் கழற்றிப் பார்ப்பதில்லை. தொட்டில் முழங்கால் உயரத்துக்கு மேல் தொங்காமல், அடியில் மெத்தையோடு இருந்தால் விழுந்தாலும் பெரிய அடி படாது.

வாக்கரைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. தூக்கிப் போடலாம். சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தை ஒரு வினாடியில் மூன்றடி நகரும். பெரியவர் எழுந்து எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டு வந்துவிடும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்குட்பட்ட 2,30,000-க்கும் அதிகமான குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்தார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முக்கால்வாசிப் பேர் படியில் உருண்டவர்கள். பத்துக்கு ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. சீக்கிரம் நடக்க வைக்கும் என்ற நம்பிக்கையும் பொய். வாக்கரில் இருக்கும் பிள்ளை நடக்கக் கற்பது தாமதமாகலாம். இருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்குக் கடைகளில் இசையும் விளக்கும் வைத்து விற்கிறார்கள், முதல் பிறந்தநாளுக்கு முன்பே அத்தையோ மாமாவோ பரிசாகக் கொண்டுவந்து தருகிறார்கள்.

விழுந்த பிறகு வீட்டில் நடப்பதும் முக்கியம். தமிழ் வீடுகளில் முதலில் வருவது "உரம் விழுந்திருக்கும்" என்ற தீர்ப்பு. குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவது, முறத்தில் வைத்துப் புடைப்பது போல ஆட்டுவது, கையைக் காலைப் பிடித்து இழுத்து நீவுவது. அன்போடு செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் எலும்பு முறிந்திருந்தால், மண்டைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தால், அந்த உருட்டல் ஆபத்தானது. காயத்தில் காப்பித்தூள் அப்புவதும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தாலே இரத்தம் நிற்கும். நினைவு தப்பினாலோ, மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, காதிலோ மூக்கிலோ நீர் போல வடிந்தாலோ, தலையின் பக்கவாட்டில் மெத்தென்று வீக்கம் தெரிந்தாலோ தாமதிக்கக் கூடாது. 999. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தலை அடிபட விழுந்தால் இவை எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது. உயரத்திலிருந்து விழுந்த பிள்ளையை, வேறு ஆபத்து இல்லாத பட்சத்தில், வாரித் தூக்காமல் கழுத்து அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில், "பாட்டி, எவ்வளவு ஒசரத்துலருந்து விழுந்துச்சு? தரை சிமெண்டா, பாய் போட்டிருந்ததா? யாரு பார்த்தீங்க?" என்று மிசி எனப்படும் தாதி துருவித் துருவிக் கேட்கும்போது பலர் பயந்து கதையை மாற்றுகிறார்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதை அந்த உயரமும் அந்தத் தரையும்தான் முடிவு செய்கின்றன. மறைத்தால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

சமூகமாகச் சேர்ந்து இதைத் தடுக்க முடியுமா? ஒரு நகரம் செய்து காட்டியிருக்கிறது. நியூயார்க்கில் 1965 முதல் 1969 வரை, 15 வயதுக்குட்பட்டோரின் விபத்து மரணங்களில் 12 விழுக்காடு உயரத்திலிருந்து விழுந்ததால் நேர்ந்தவை. பெரும்பாலும் ஏழைகளின் அடுக்குமாடிகளில், வெயில் காலத்தில், காற்றுக்காகத் திறந்து வைத்த சன்னல் வழியாக. நகரச் சுகாதாரத் துறை 1972-இல் பிராங்ஸ் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'பிள்ளைகளுக்குப் பறக்கத் தெரியாது' என்பது அதன் பெயர்.

சுவரொட்டி ஒட்டியதோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் அந்தத் திட்டத்தை இன்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சன்னலிலிருந்து விழுந்து எந்தப் பிள்ளை மருத்துவமனைக்கு வந்தாலும், எந்தக் காவல் நிலையத்துக்குத் தகவல் போனாலும், சுகாதாரத் துறைக்கு உடனே செய்தி வரும். பொதுச் சுகாதாரத் தாதி அந்த வீட்டுக்கே போவார். எந்தச் சன்னல், என்ன சாமான் அருகில் இருந்தது, இன்னும் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். கதவு கதவாகத் தட்டி அண்டை வீடுகளிலும் பேச ஆட்கள் இருந்தார்கள். வானொலியும் பத்திரிகையும் சேர்ந்துகொண்டன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் கொடுக்க ஒரு பொருள் இருந்தது: எளிதில் மாட்டக்கூடிய சன்னல் தடுப்புக் கம்பி, இலவசமாக. சுமார் 4,200 குடும்பங்களுக்கு 16,000 தடுப்புகள். பிராங்ஸில் பதிவான சன்னல் விழுதல்கள் 1973-க்கும் 1975-க்கும் இடையில் பாதியாகக் குறைந்தன.

அதன் பிறகுதான் சட்டம் வந்தது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளை இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் கட்டட உரிமையாளரே சன்னல் தடுப்பு போட்டுத்தர வேண்டும் என்று 1976-இல் நகரம் விதித்தது. பாஸ்டன் நகரம் 1993-இல் கட்டாயச் சட்டம் இல்லாமலே, வீட்டுக்காரர்களையும் கடைக்காரர்களையும் மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டு இதே போன்ற ஒன்றைச் செய்தது. சில ஆண்டுகளில் சன்னல் விழுதல்கள் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன.

இங்கே நம் ஊரில் தடைகள் வேறு மாதிரி. கொண்டோவிலும் பல அடுக்குமாடிகளிலும் சன்னலுக்கு வெளியே கிரில் போடுவதென்றால் ஜே.எம்.பி. என்ற கூட்டு நிர்வாக அமைப்பின் அனுமதி வேண்டும். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும் அதன் துணை விதிகளும் கட்டடத்தின் முகப்பை மாற்றக் கூடாது என்கின்றன. "அழகு கெட்டுவிடும்" என்ற பதிலோடு விண்ணப்பம் திரும்பிய கதைகளைக் கேட்காதவர் குறைவு. சிங்கப்பூர் விதிகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிள்ளைகளுக்கு ஆபத்து நேராமல் தடுக்கும் அமைப்பை வீட்டுக்காரர் பொருத்துவதை முகப்பு விதி தடுக்காது, அதன் தோற்றம் கட்டடத்தோடு ஒத்துப்போனால் போதும். இதை அப்படியே எடுத்துத் தம் கட்டடத்து விதியில் சேர்க்க எந்த நிர்வாகத்துக்கும் பெரிய மூளை தேவையில்லை. அதுவரை, சன்னலுக்கு உட்புறம் போடும் கிரிலும், மெல்லிய எஃகுக் கம்பிகளை நெருக்கமாக இழுத்துக் கட்டும் 'இன்விசிபிள் கிரில்' என்பதும் வெளியிலிருந்து அதிகம் தெரியாதவை.

இன்னொரு பக்கம் தீ. பூட்டிய கிரிலுக்குப் பின்னால் சிக்கிக் குடும்பமே கருகிய சம்பவங்களும் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. அதனால் ஏதாவது ஒரு சன்னலிலாவது திறக்கும் பகுதி இருக்க வேண்டும் என்று தீயணைப்புத் துறையினர் வலியுறுத்துகிறார்கள். சாவி பெரியவர் கைக்கு எட்டும் ஆணியில், இருட்டிலும் தடவி எடுக்கும் இடத்தில் தொங்க வேண்டும். கிரில் பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, கம்பிக்கிடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வளர்ந்த ஆணின் உள்ளங்கையைக் கட்டைவிரலோடு சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் இடைவெளி, முழுதாக விழும் இடைவெளியைப் போலவே உயிருக்கு உலை. இரண்டு, கம்பி நெட்டுக்குத்தாக இருக்கட்டும். படுக்கைவாட்டில் போட்டால் அதுவே ஏணி. பூவும் கொடியுமாக வளைத்த அலங்காரக் கிரில் பார்க்க லட்சணம், பிள்ளைக்குக் கால் வைக்க வசதி. கொசுவலையை நம்பவே கூடாது, அது கொசுவைத்தான் தடுக்கும்.

விழிப்புணர்வு என்றதும் மண்டபத்தில் கூட்டம், பிரமுகர் உரை, மாலை, மீ கோரேங் பொட்டலம் என்று முடிந்துவிடுவது இங்கே வழக்கம். கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கட்டில் அதே இடத்தில் இருக்கும். பிராங்ஸ் சொல்லித் தந்தபடி வேலை வீட்டுக்குள் நடக்க வேண்டும். அதற்கான ஆட்கள் இங்கே இல்லாமல் இல்லை. 1975-லிருந்து இயங்கும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு பல குடியிருப்புகளில் உண்டு. இரவு ரோந்து போகும் அதே அங்கிள்மார்கள் பகலில் அளவு நாடாவும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒரு பெண்ணோடு போகலாம். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் சேஃப் கிட்ஸ் மலேசியா பல ஆண்டுகளாகச் சிறார் காயத் தடுப்பில் ஈடுபட்டிருக்கிறது. சாலைப் பாதுகாப்பில் அதிகம் அறியப்பட்ட அமைப்பு. கருத்தும் பயிற்சியும் அங்கே கேட்டுப் பெறலாம். தடுப்பூசிக்காகச் சுகாதாரக் கிளினிக்குக்கு வராத தாய் அரிது, எட்டாம் ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் "சன்னலோரம் என்ன இருக்கு?" என்று ஒரே கேள்வி கேட்டாலும் போதும். மின்னல் எஃப்.எம்., பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில், கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் எல்லாம் தமிழ்த் தாய்மார் காதில் விழும் இடங்கள்.

காலத்தையும் பார்த்துச் செய்யலாம். தீபாவளிக்கு முந்திய மாதம் எல்லா வீட்டிலும் சாமான் நகரும், பெயின்ட் அடிப்பார்கள், சன்னல் துடைப்பார்கள், கிரில்காரரும் அலமாரிக்காரரும் வந்து போவார்கள். அந்த மாதத்தில்தான் கட்டில் சன்னலடிக்கும் போகிறது, ஏணியும் நாற்காலியும் பால்கனியிலும் நிற்கின்றன. அறிவிப்பு ஒலிக்க வேண்டிய நேரமும் அதுதான்.

பார்த்துக்கொள்ளும் ஆள் பற்றாக்குறையைக் கம்பி தீர்க்காது என்பதும் உண்மை. 1984ஆம் ஆண்டு சிறார் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் அது பதிவு செய்ய வேண்டிய தாஸ்கா. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது அங்கே விதி. மூன்று பிள்ளை வரை வீட்டில் வைத்துப் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் இருக்கும் எத்தனையோ தாய்மார்களின் ஒரே துணை அவர்தான். சன்னல் பரிசோதனைக்குப் போகிறவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அவருடையது. குப்பை போடக் கீழே போகும் ஐந்து நிமிடத்துக்கு, "அக்கா, பிள்ளையக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் சில மாடிகளில் இன்னும் இருக்கிறது. கதவை அடைத்துக்கொண்டு வாழும் மாடிகளில் அதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

ஸ்ட்ராட்டா குடியிருப்புகளில் நிர்வாகத்தின் பொதுக்கூட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. பராமரிப்புக் கட்டணம், கார் நிறுத்துமிடம், பழுதான லிஃப்ட் என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கும். பிள்ளை உள்ள வீடுகளுக்குக் கிரில் அனுமதி தருவதையும், ஒரே மாதிரியான வடிவத்தை நிர்வாகமே முடிவு செய்து தருவதையும் வீட்டு உரிமையாளர் ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். மொத்தமாகச் செய்தால் பட்டறைக்காரர் விலையும் குறைப்பார். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது. அவர் வீட்டுக்காரரிடம் அனுமதிக் கடிதம் வாங்கித்தான் கிரில் போட முடியும். செலவு யாருடையது, வீடு காலி செய்யும்போது கிரில் யாருக்கு என்று பேரம் நீளும். நியூயார்க்கில் 1976-லிருந்து அந்தப் பேரத்துக்கு இடமில்லை. கோலாலம்பூரில் அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தனித்தனியாக நடந்துகொண்டிருக்கிறது. பேச்சு முடியும் வரைக்கும் சன்னலை 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்கவிடாத சின்னத் தடுப்பான் ஒன்றை வன்பொருள் கடையில் வாங்கித் திருகி வைக்கலாம். கட்டிலை நகர்த்த இரண்டு ஆள் போதும்.